வாழ்த்தும் விசாரிப்பும்: நம் மஹல்லாவுக்கு ஒரு செயலி



கல்லூரியில் கணினி படிக்கும் நம் மஹல்லாப் பிள்ளைகள் சிலர் அறக்கட்டளைக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். உற்றார் உறவினர், அண்டை வீட்டாருடைய முக்கியமான நாள்களைப் பதிந்து வைத்துக்கொள்ள ஒரு செல்பேசிச் செயலி. அந்த நாள் நெருங்கியதும் அது நினைவூட்டும். வாழ்த்துச் செய்தியையும் அனுப்பிவிடும். நிர்வாகக் குழு இந்த யோசனையை வரவேற்றிருக்கிறது. பிள்ளைகள் வேலையைத் தொடங்குவதற்கு முன், இது எப்படி அமைய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை எல்லாக் குடும்பங்களும் அறிந்து தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள்களை நினைவில் வைப்பது ஃபோனின் வேலையாக இருக்கட்டும். விசாரிப்பது நம் வேலையாகவே இருக்க வேண்டும். இந்தக் கோட்டைத் தாண்டாமல் செயலியை அமைத்தால் அது உறவுகளுக்கு உதவும், இன்ஷா அல்லாஹ். தாண்டினால், ஏற்கெனவே குவியும் செய்திகளோடு இன்னும் கொஞ்சம் சேரும், அவ்வளவுதான்.

இப்படி ஒன்று ஏன் தேவைப்படுகிறது?

ஒரு முஸ்லிமுக்கு இன்னொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகள் ஆறு என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்ன ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. சந்தித்தால் ஸலாம் சொல்வது, அழைத்தால் போவது, ஆலோசனை கேட்டால் நல்லதைச் சொல்வது, தும்மி அல்லாஹ்வைப் புகழ்ந்தால் பதில் துஆ செய்வது, நோயுற்றால் நலம் விசாரிப்பது, இறந்தால் ஜனாஸாவைப் பின்தொடர்வது. இவற்றில் நோய் விசாரிப்பும் ஜனாஸாவும் நமக்குச் செய்தி தெரிந்தால்தான் நிறைவேற்ற முடிகிறவை.

முன்பு இந்தச் செய்திகளைத் தெருவே வைத்திருந்தது. நிக்காஹ் என்றால் மோதினார் வீடு வீடாக வந்து அழைத்தார். யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் படுக்கையில் இருக்கிறார் என்பது பள்ளிவாசல் திண்ணையில் தெரிந்துவிடும். இன்று ஒரே வீட்டில் ஒருவர் துபாயில், ஒருவர் ரியாத்தில், ஒருவர் சென்னையில், தாய் மட்டும் ஊரில். ஊரில் இருப்பவர்களிலும் பலர் புதிய நகர்ப்பகுதிகளுக்குக் குடிபோய்விட்டார்கள். மறந்து போகிறோம் என்றால் பாசம் குறைந்துவிட்டது என்று பொருளில்லை. நினைவூட்ட ஆள் இல்லை. அந்த அளவில் ஒரு கருவியின் உதவியை நாடுவதில் தவறு ஒன்றும் இல்லை.

வாழ்த்து பெருகியது, விசாரிப்பு குறைந்தது

பெருநாள் காலையில் ஒவ்வொருவர் ஃபோனிலும் பிறையும் மினாராவும் போட்ட படங்கள் வந்து நிறைகின்றன. வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ முபாரக் படங்கள். அனுப்பியவர் பெயரைப் பார்ப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. பலர் எதையும் திறக்காமலேயே மொத்தமாக அழிக்கிறார்கள்.

ஆயத்த வாழ்த்து புதிதல்ல. தந்தி இருந்த காலத்தில் தபால் தந்தி அலுவலகத்தில் வாழ்த்து வாசகங்களுக்கு எண் கொடுத்திருந்தார்கள். எண்ணைக் குறிப்பிட்டால் போதும், வாசகம் போய்ச் சேரும். ஈத் முபாரக்கும் அவற்றில் ஒன்று. 2013 ஜூலையில் நாட்டில் தந்திச் சேவையே நின்றுவிட்டது. ஆனால் தந்தி கொடுப்பவர் அலுவலகத்துக்கு நடந்து போக வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், காசு கொடுக்க வேண்டும். நமக்காக ஒருவர் இவ்வளவு மெனக்கெட்டார் என்பதே வாசகத்தைவிடப் பெரிய வாழ்த்தாக இருந்தது. இன்றைய படத்துக்கு ஒரு விரல் அசைவு போதும். அது பெறுபவருக்கும் தெரியும்.

வாட்ஸ்அப் நிறுவனமே 2018-இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் மாற்றி அனுப்ப முடியாதபடி செய்தது. பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020-இல் மேலும் இறுக்கியது. வதந்திகளைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. என்றாலும், யோசிக்காமல் அனுப்புவது எவ்வளவு எளிதாகிவிட்டது என்பதை அதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

உங்களுக்கு முகமன் கூறப்பட்டால் அதைவிட அழகியதைக் கொண்டோ, குறைந்தது அதையே கொண்டோ பதில் கூற வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 86-ஆம் வசனம் வழிகாட்டுகிறது. நூறு பேருக்குப் போன படத்துக்கு அதைவிட அழகிய பதிலை எப்படிச் சொல்வது? "மாமி, முழங்கால் வலி இப்போ எப்படி இருக்கு?" என்று ஒருவர் கேட்டால் பதில் தானாக வரும். பேச்சு வளரும்.

முதல் தீர்மானம்: தானாக அனுப்பும் வசதி வேண்டாம்

பிள்ளைகள் தந்த வரைவில், குறித்த நாளில் குறித்த நேரத்தில் வாழ்த்து தானாகவே போகும் வசதி இருந்தது. அது வேண்டாம் என்பது குழுவின் கருத்து. அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

இயந்திரத்துக்குத் தேதி தெரியும், வீட்டு நிலவரம் தெரியாது. 2014-ஆம் ஆண்டின் இறுதியில் ஃபேஸ்புக், ஒவ்வொருவருடைய அந்த ஆண்டுப் படங்களைத் தானே தொகுத்து, கொண்டாட்ட அலங்காரத்தோடு அவரவருக்குக் காட்டியது. அமெரிக்க வலைத்தள வடிவமைப்பாளர் எரிக் மேயர் என்பவருக்கு அது காட்டிய முகம், அதே ஆண்டில் புற்றுநோயால் இறந்துபோன அவருடைய சின்ன மகளின் முகம். அவர் அதைப் பற்றி எழுதினார். நிறுவனத் தரப்பில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, பெரும்பாலோருக்கு நல்ல ஆண்டாக இருந்திருக்கும் என்ற அனுமானத்தில் நடந்தது என்பதே அவர் சொன்னதின் சாரம். இறந்தவர்களின் பிறந்த நாளை நண்பர்களுக்கு நினைவூட்டி வேதனைப்படுத்தாமல் இருக்க ஏற்பாடு செய்வதாக அதே நிறுவனம் 2019-இல் அறிவித்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கணவரை இழந்து இத்தாவில் இருந்த நம் சகோதரி ஒருவருடைய ஃபோனுக்கு, அவர்கள் எப்போதோ துணி எடுத்த கடையிலிருந்து 'இனிய திருமண நாள் வாழ்த்துகள்' என்று தம்பதிகள் இருவர் பெயரும் போட்டுச் செய்தி வந்தது. கடைக்காரருக்கு விஷயமே தெரியாது. தெரிந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார். அனுப்பியது அவர் அல்ல, அவருடைய கணினி. பெற்றவருக்கு அந்த வேறுபாட்டால் என்ன ஆறுதல்?

எனவே நம் செயலி இப்படி வேலை செய்யும். நாளுக்கு முன்தினம் நினைவூட்டும். தொட்டால் மூன்று வழிகளைக் காட்டும்: பேசுக, குரல் பதிந்து அனுப்புக, எழுதுக. எழுதுவதைத் தேர்ந்தெடுத்தால் வாட்ஸ்அப்பில் அவருடைய பக்கம் திறக்கும். நாம் எழுதி, நாமே படித்துப் பார்த்து, நாமே அனுப்ப வேண்டும். ஆயத்த வாசகங்களும் படங்களும் செயலியில் இருக்காது.

அதற்குப் பதிலாக ஒரு சிறிய குறிப்புப் பெட்டி இருக்கும். கடைசியாகப் பேசியபோது அவர் சொன்ன ஒரு விஷயத்தை அதில் ஒரு வரியில் குறித்து வைக்கலாம். 'மகள் நீட் எழுதுகிறாள்', 'வீடு கட்டுகிறார், மேல்தளம் பாக்கி', 'சர்க்கரைக்கு மருந்து மாற்றியிருக்கிறார்கள்'. அடுத்த முறை நினைவூட்டல் வரும்போது அந்த வரி மேலே நிற்கும். தனிப்பட்ட வாழ்த்து என்பது அந்த ஒரு வரியிலிருந்துதான் பிறக்கும். 'ஈத் முபாரக்' என்பதோடு 'பாய், மேல்தளம் முடிந்ததா? இந்தப் பெருநாள் புது வீட்டிலா?' என்று சேர்த்தால், அது அவருக்காகவே எழுதப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்று. யார் அதிகம் வாழ்த்தினார்கள் என்று புள்ளிகள் கொடுப்பது, பட்டியல் போடுவது, தொடர்ந்து இத்தனை நாள் அனுப்பினீர்கள் என்று பாராட்டுவது ஆகியவை இன்றைய செயலிகளில் சாதாரணம். ஆளை இழுத்துப் பிடிக்கும் உத்திகள் அவை. நம்முடையதில் அவை இருக்கக் கூடாது. நலம் விசாரிப்பது ஒரு நற்செயல். அதில் முகஸ்துதி கலப்பதற்கு நாமே வழி திறந்துவிடக் கூடாது.

எந்த நாள்களைப் பதிவது?

மகிழ்ச்சியான நாள்கள் எளிது. நிக்காஹ், குழந்தை பிறப்பு, ஏழாம் நாள் அகீகா, பிள்ளை குர்ஆன் ஓதி முடித்த நாள், தேர்வு முடிவு, ஹஜ்ஜுக்குப் புறப்படும் நாள், திரும்பும் நாள். பிறந்த நாள், திருமண நாள், இறந்தவரின் ஆண்டு நாள் ஆகியவற்றைப் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. செயலி அதில் தீர்ப்புச் சொல்லாது. அந்த இடங்கள் மூடியே இருக்கும். வேண்டுமென்பவர் திறந்துகொள்ளலாம்.

எங்கள் பார்வையில் இந்தச் செயலியின் உண்மையான பயன் துக்கமும் நோயும் உள்ள வீடுகளுக்குத்தான். ஜஅஃபர் (ரலி) அவர்கள் மூத்தா போரில் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர்களுடைய குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நம் ஊர்களிலும் அந்த வழக்கம் அல்லாஹ்வின் கிருபையால் இன்னும் இருக்கிறது. மவ்த்தான வீட்டில் முதல் மூன்று நாள் அடுப்பெரிய வேண்டியதில்லை. உறவுகள் சூழ்ந்திருக்கும். அதற்குப் பிறகு? வெளிநாட்டுப் பிள்ளைகள் விடுப்பு முடிந்து விமானம் ஏறுவார்கள். பாய் விரிப்புகள் சுருட்டப்படும். மூன்றாவது வாரத்தில் அந்த வீட்டுக் கதவைத் தட்டுபவர் அரிது.

ஆகவே ஒரு மவ்த்தைப் பதிந்தால், செயலி ஒரு நாளை மட்டும் நினைவூட்டாது. இரண்டாவது வாரம், நான்காவது வாரம், மூன்றாவது மாதம் என்று இடைவெளி விட்டு, 'அந்த வீட்டை விசாரித்தீர்களா?' என்று கேட்கும். இத்தாவில் இருக்கும் பெண்களின் வீட்டுக்குப் போய்வரப் பெண்களுக்கு இது பெரிதும் உதவும். கணவர் இறந்தால் இத்தா நான்கு மாதம் பத்து நாள். கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை. மாதத்தின் இடையில் மவ்த் நேர்ந்தால் நாளை எப்படி எண்ணுவது என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு இருப்பதால், இத்தா முடியும் நாளைச் செயலி கணக்கிட்டுச் சொல்லாது. அதை இமாமிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

மவ்த்தைப் பதிந்தவுடன், அந்தப் பெயரில் இருந்த மற்ற எல்லா நினைவூட்டல்களும் நின்றுவிட வேண்டும். துணையாக இருந்தவரின் பெயரில் உள்ள திருமண நாளும் நிற்க வேண்டும். இது பிள்ளைகளுக்கு நாங்கள் சொன்ன கண்டிப்பான நிபந்தனை.

பிறைக் கணக்கும் ஊர் நேரமும்

ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள். ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஷவ்வாலில் நிக்காஹ் நடந்த நாளை ஹிஜ்ரிப்படி நினைவுகூர விரும்புபவருக்கு அது ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுதோறும் முன்னால் நகரும். ஆகவே ஒவ்வொரு நாளையும் எந்தக் கணக்கில் வைப்பது என்று பதிபவரே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்குள்ளேயே ஹிஜ்ரிக் கணக்கு இருக்கிறது. ஆனால் அது சவூதியின் உம்முல் குரா நாட்காட்டியை ஒட்டியது. நமக்கு மாதப் பிறப்பு தலைமை காஜியின் பிறை அறிவிப்பைப் பொறுத்தது. மாதம் 29-இல் முடியுமா 30-இல் முடியுமா என்பது அன்று மாலைதான் தெரியும். பல மாதங்களில் இரண்டுக்கும் ஒரு நாள் வேறுபடும். ஃபோன் சொல்கிற நாளில் வாழ்த்தினால், நாம் நோன்பு வைத்திருக்கும்போது பெருநாள் வாழ்த்து போகும்! எனவே மாதப் பிறப்பை ஒரு நாள் முன்பின்னாக மாற்றும் வசதி கட்டாயம் தேவை. மேலும், இஸ்லாமிய நாள் மஃக்ரிபில் தொடங்குகிறது. நள்ளிரவுக் கணக்கில் எழுதப்பட்ட செயலி இதைக் கவனிக்காமல் விட்டுவிடும்.

வெளியூர் நேரத்தையும் பார்க்க வேண்டும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, குவைத், கத்தார் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னால். ரியாத்தில் இரவுப் பணி முடித்துத் தூங்குபவரை நம் காலை எட்டு மணிக்கு எழுப்பி வாழ்த்த வேண்டுமா? பெயருக்குப் பக்கத்தில் அவர் இருக்கும் ஊரின் நேரம் தெரிந்தால் போதும்.

பெயரும் அழைக்கும் முறையும்

அரசாங்கப் பதிவில் இருக்கும் பெயர் வேறு, நாம் வாய் நிறையக் கூப்பிடும் பெயர் வேறு. நம் மஹல்லாவில் சாகுல் ஹமீது எத்தனை பேர், முஹம்மது எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுப் பெயரோ தொழிலோ சேர்த்தால்தான் ஆள் தெரியும். காக்கா, லாத்தா, நானா, பாய், மாமி, நன்னி என்று அழைப்பதும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். எனவே செயலியில் 'நீங்கள் இவரை எப்படி அழைப்பீர்கள்?' என்பதுதான் முதல் கேள்வி. நினைவூட்டலும் அந்தப் பெயரிலேயே வரும். முழுப் பெயரைக் காட்டினால் வங்கிச் செய்தி போல இருக்கும். 'பெரிய லாத்தா' என்று காட்டினால் கை தானாக ஃபோனை எடுக்கும்.

விவரங்கள் யாரிடம் இருக்கும்?

சகோதரிகள் பலர் முதலில் கேட்டது இதைத்தான். சரியான கேள்வி. பெண்களின் எண்கள், தனியாக இருக்கும் முதியவர்களின் விவரம், எந்த வீட்டில் ஆண் துணை இல்லை என்பது போன்றவை தவறான கைக்குப் போனால் ஆபத்து. அதனால் பதிவு செய்பவை எல்லாம் அவரவர் ஃபோனுக்குள்ளேயே இருக்கும். அறக்கட்டளையிடமோ வேறு எந்தக் கணினியிலோ சேராது. நம்மிடம் இல்லாத விவரம் நம்மிடமிருந்து கசிய முடியாது.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒருவர் தன் சொந்த, குடும்பத் தேவைக்காக விவரங்களை வைத்துக்கொள்வதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஓர் அமைப்பு அவற்றைத் திரட்டத் தொடங்கினால் ஒப்புதல் பெறுவது, பாதுகாப்பது, கேட்டால் அழிப்பது என்று பொறுப்புகள் வந்து சேரும். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். அந்தச் சுமையைத் தேவையில்லாமல் ஏற்க வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். அறக்கட்டளையில் கல்வி உதவியோ மருத்துவ உதவியோ ஜகாத்தோ பெறுகிறவர்களின் பெயர்கள் எந்த வடிவிலும் இந்தச் செயலிக்குள் வராது. ஒருவருடைய மானத்தைக் காப்பதும் உதவியின் ஒரு பகுதிதான்.

செலவும் சில நடைமுறைகளும்

கூகுளின் பிளே ஸ்டோரில் செயலியை வெளியிட ஒரே ஒரு முறை 25 டாலர் கட்டணம். ஐஃபோனுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். நம் வீடுகளில் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு ஃபோன்கள் என்பதால் முதலில் அதற்கு மட்டும் செய்வதாகத் திட்டம். விளம்பரம் இருக்காது.

எழுத்து பெரிதாக, தமிழில் இருக்கும். எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு முகப்படமும் குரல் பதிவும் போதும். ஆண்ட்ராய்டு 13 முதல், அறிவிப்புகளைக் காட்டச் செயலி நம் அனுமதியைக் கேட்கும். அதை மறுத்துவிட்டால் நினைவூட்டல் வராது. சில ஃபோன்களில் பேட்டரியைச் சேமிக்கும் அமைப்பு இத்தகைய செயலிகளை நிறுத்திவைப்பதும் உண்டு. வீட்டுப் பிள்ளைகள் ஒருமுறை சரிசெய்து கொடுத்துவிட வேண்டும்.

இப்போதே தொடங்கலாம்

செயலி வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து நான்கு கட்டம் போடுங்கள். அழைக்கும் பெயர், எந்த ஊர், நாள், கடைசியாகப் பேசிய விஷயம். ஏழு பேரோடு தொடங்குங்கள். அதில் குறைந்தது இருவர் தனியாக இருக்கும் பெரியவர்களாகவோ, சமீபத்தில் மவ்த்தான வீட்டினராகவோ இருக்கட்டும். செயலி தயாரானதும் இதையே அதில் ஏற்றிக்கொள்ளலாம். ஸ்மார்ட்ஃபோன் இல்லாத வீடுகளுக்கு நோட்டுப் புத்தகமே செயலி.

உங்கள் யோசனைகளையும் ஆட்சேபங்களையும் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். சகோதரிகள் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூலம் கொடுத்தனுப்பலாம். குறிப்பாக, எந்த நினைவூட்டல் உங்களுக்கு வேதனை தரும் என்பதைச் சொல்லுங்கள். அதை வெளியிலிருந்து நாங்களாக ஊகிக்க முடியாது.

உறவுகளைச் சேர்த்து வாழும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்